காசுச் சரமும் மாஜாங் காயும்

கேள்வி: சிங்கப்பூரிலிருந்து வந்த உறவினர் என் மகளுக்கு ஒரு பிரேஸ்லெட் கொடுத்தார். நடுவில் மூன்று மாஜாங் காய்கள், இரண்டு பக்கமும் சின்னச் சின்னக் கண்ணாடி மணிகள். இது சீனர்களின் பழைய அணியா? எங்கே தோன்றியது?

வாசகர், ஆரணி (திருவள்ளூர் மாவட்டம்)

பதில்: பழைய அணி இல்லை. மாஜாங் விளையாட்டே 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான் சீனத்தில் இன்றைய வடிவத்துக்கு வந்தது. ஜோசப் பாப்காக் என்ற அமெரிக்கர் 1920இல் அதன் விதிகளைச் சுருக்கி ஆங்கிலத்தில் புத்தகமாக்கினார். அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளில் அமெரிக்காவில் அந்த ஆட்டம் பித்தாகப் பரவியது. மூங்கில் முதுகில் எலும்புத் தகட்டைப் பொருத்திச் செய்த காய்களுக்கு எலும்பு போதாமல், அமெரிக்க இறைச்சிக் கூடங்களிலிருந்து மாட்டெலும்பு கப்பலேறிச் சீனத்துக்குப் போனது. பிறகு பேக்லைட் வகைப் பிளாஸ்டிக் காய்கள் வந்தன. பேக்லைட் கண்டுபிடிக்கப்பட்டது 1907இல். அப்படியானால் பிளாஸ்டிக் காய் கோத்த பிரேஸ்லெட் எதுவும் நூற்றிருபது ஆண்டுகளைத் தாண்டாது. ஆனால் உங்கள் கேள்விக்கான பதில் காயோடு முடிந்துவிடவில்லை. அந்த அணியில் வயதில் மூத்தது காய்க்குப் பக்கத்தில் யாரும் கவனிக்காமல் இருக்கும் கண்ணாடி மணி. அந்த மணியைச் செய்யும் வித்தை நம் கரையோடு சம்பந்தப்பட்டது என்பதே என் வாதம்.

முதலில் காயை உற்றுப் பாருங்கள். 144 காய்கள் கொண்ட கட்டில் மூன்று இனங்களுக்கு எண் உண்டு. ஒன்றில் வட்டங்கள், ஒன்றில் மூங்கில் குச்சிகள், மூன்றாவதில் சீன எழுத்தில் 'பத்தாயிரம்'. இவை மிங் காலத்துச் சீட்டுக்கட்டிலிருந்து வந்தவை. அந்தச் சீட்டில் இனங்களின் பெயர்கள் காசு, காசுச் சரம், பத்தாயிரம் என்று பணக்கணக்காகவே இருந்தன. வட்டம் என்பது நடுவில் ஓட்டை உள்ள செப்புக் காசு. மூங்கில் என்று நாம் நினைக்கும் குச்சி, கயிற்றில் கோத்த காசுகளைப் பக்கவாட்டில் பார்த்த தோற்றம். சீன மொழியில் அந்த இனத்துக்கு இன்றும் வழங்கும் ஒரு பெயருக்குக் கயிறு என்றுதான் பொருள். ஆக, உங்கள் மகளின் கையில் இருப்பது கோத்த பொருளின் படத்தையே சுமந்துகொண்டு, தானும் கோக்கப்பட்ட ஒரு காய். இந்தப் பொருத்தம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

காசுச் சரம் தமிழருக்கு அன்னியமும் இல்லை. 1077இல் முதலாம் குலோத்துங்கன் காலத்துச் சோழத் தூதுக்குழு, 72 பேர், சீன அரசவைக்குப் போனது. கொண்டுபோன பொருட்களில் கண்ணாடிப் பொருட்கள், கற்பூரம், யானைத் தந்தம் எல்லாம் இருந்தன. பதிலுக்குக் கிடைத்தது 81,800 சரம் செப்புக் காசு என்று சீனக் குறிப்புகள் சொல்கின்றன. பழைய தஞ்சாவூர் மாவட்டத்தில் மண்ணுக்கடியிலிருந்து சீனக் காசுகள் குவியலாகக் கிடைத்திருக்கின்றன. அந்தக் கண்ணாடிப் பொருட்கள் மணிகள்தாம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் கண்ணாடி போய், சரமாகக் காசு வந்த ஒரு வழி ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முன்பே திறந்திருந்தது.

அந்த வழியில் மணிகள் அதற்கும் வெகுகாலம் முன்பே போய்க்கொண்டிருந்தன. புதுச்சேரிக்குத் தெற்கே அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தபோது ரோமானிய ஓடுகள்தான் உலகின் கண்ணில் பட்டன. அங்கே கிடைத்த மணிகளின் முக்கியத்துவத்தை எடுத்துச்சொன்னவர் மணி ஆராய்ச்சியாளர் பீட்டர் பிரான்சிஸ். ஆறு மில்லிமீட்டருக்கும் குறைவான, ஒரே நிறமுள்ள இந்தக் கண்ணாடி மணிகளுக்கு 'இந்தோ-பசிபிக் மணி' என்று பெயர் வைத்தவரும் அவர்தான். செங்கல் சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம், கறுப்பு நிறங்களில் இவை இலங்கையின் மாந்தை, தாய்லாந்து, வியட்நாம், கொரியா, ஜப்பான், மறுபக்கம் கிழக்கு ஆப்பிரிக்கா வரை கிடைக்கின்றன. செய்முறைதான் இதன் சிறப்பு. உருகிய கண்ணாடியை இரும்புக் குழாயின் முனையில் பெரிய கூம்பாகத் திரட்டி, நடுவில் துளை விட்டு, உலையிலிருந்து நீளக் குழலாக இழுக்கிறார்கள். குழலைத் துண்டு துண்டாக வெட்டி, சாம்பலோடு சேர்த்து மறுபடி சூடாக்கினால் கூர் முனைகள் மழுங்கி மணியாகும். மணிக்கு முன்பே துளை பிறந்துவிடுகிறது. ஒவ்வொரு மணியாகத் துளைக்கும் வேலையே கிடையாது. ஒரு குழல் இழுத்தால் ஆயிரக்கணக்கில் மணி கிடைக்கும் என்பதால்தான் அதைக் கடல் கடந்து மலிவாக விற்க முடிந்தது. உங்கள் ஊரிலிருந்து நூறு கிலோமீட்டர் அளவில், ஆந்திரத்தில் காளஹஸ்திக்கு அருகே பாப்பாநாயுடுபேட்டை இருக்கிறது. இதே முறை 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் அங்கே உயிரோடு இருந்ததை பிரான்சிஸ் நேரில் பார்த்துப் பதிவு செய்தார்.

கண்ணாடி மணியை எகிப்தும் மெசபொத்தேமியாவும் முன்பே செய்தனவே என்று கேட்கலாம். செய்தன, ஆனால் பெரும்பாலும் கம்பியில் உருகிய கண்ணாடியைச் சுற்றி, ஒவ்வொன்றாக. வெனிஸ்காரர்களும் குழல் இழுத்தார்கள். இருவர் எதிரெதிர்த் திசையில் நடந்து இழுக்கும் அந்த முறை வேறு, காலத்தாலும் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் பிந்தியது. இதைவிட வலுவான மறுப்பு வேதியியலிலிருந்து வருகிறது. கிழக்காசியாவில் கிடைத்த மணிகள் எல்லாம் ஒரே கண்ணாடி இல்லை. அலுமினா மிகுந்த சோடாக் கண்ணாடி தென்னிந்தியாவையும் இலங்கையையும் காட்டுகிறது. பொட்டாஷ் கண்ணாடி பெரும்பாலும் வேறு உலைகளைக் காட்டுகிறது. இதை ஏற்கத்தான் வேண்டும். ஒவ்வொரு மணியும் அரிக்கமேட்டில் பிறந்தது என்று சொன்னால் தவறாகும். ஆனால் வேறு ஊர்க் கண்ணாடியிலும் நம் முறைத் துளை இருக்கிறதென்றால், மணியோடு வித்தையும் கப்பலேறியிருக்கிறது என்றே பொருள். உங்கள் மகளின் பிரேஸ்லெட்டில் உள்ள மணி செக் நாட்டிலோ ஜப்பானிலோ சீனத்திலோ இயந்திரத்தில் வந்ததாகவே இருக்கலாம். அந்த இயந்திரமும் குழலை இழுத்துத்தான் வெட்டுகிறது.

விளையாட்டுக் காயை அணியாக்குவது பொருந்தாத வேலை என்று சிலருக்குத் தோன்றும். தாயம் போடும் சோழியை நாம் இடுப்புக் கயிற்றிலும் மாட்டுக் கழுத்திலும் கட்டவில்லையா? செலவழிக்க வேண்டிய காசைக் கோத்துக் காசுமாலை போட்டுக்கொண்டவர்கள் நாம். கீழடி அகழாய்வில் ஆட்டக் காய்களும் கண்ணாடி மணிகளும் சூதுபவள மணிகளும் ஒரே மண்ணில் கிடைத்தன. ஒரு விஷயத்தில் மட்டும் மறுப்பவர்கள் பக்கம் நிற்கிறேன்: முழுதாக இருக்கும் பழைய கட்டை அணிக்காகப் பிரிக்கக் கூடாது. 144இல் ஒன்று தொலைந்த கட்டின் கதை வேறு. மூங்கில் முதுகில் ரேகை காய்க்குக் காய் மாறும். மாற்றுக் காய் வைத்தால் எதிராளி கண்டுபிடித்துவிடுவார், ஆட்டமே கெட்டுவிடும். அப்படி அனாதையான காய்களைக் கோப்பதில் தவறே இல்லை. காய் எலும்பா தந்தமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். தந்த வணிகம் நம் நாட்டில் சட்டப்படி குற்றம். எலும்பில் ஊசி குத்தியதுபோல நுண்ணிய கரும்புள்ளிகளும் கீற்றுகளும் தெரியும். தந்தத்தின் குறுக்குவெட்டில் வலை பின்னியதுபோலக் கோடுகள் ஓடும்.

மணியையும் நீங்களே சோதிக்கலாம். ஒளி ஊடுருவும் மணி ஒன்றை வெயிலுக்கு நேராகப் பிடித்து, பூதக்கண்ணாடியால் பாருங்கள். உள்ளே சிக்கிய காற்றுக் குமிழிகள் துளைக்கு இணையாக நீண்டு கிடந்தால் அது குழலாக இழுத்த மணி. துளையைச் சுற்றி வளைந்திருந்தால் கம்பியில் சுற்றிய மணி. ஆடி மாதத்தில் பெரியபாளையம் பக்கம் போனால், தரையில் துணி விரித்து விற்கும் பாசிமணிச் சரம் ஒன்றை வாங்கி வந்து, மகளின் பிரேஸ்லெட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.