கையெழுத்துப் போட்டுவிட்டால் கேட்கும் உரிமை போய்விடுமா?

கேள்வி: ஓராண்டு எட்டு மாதங்களுக்கு முன் நானும் மனைவியும் அந்தமானின் ஹேவ்லாக் தீவில் (இப்போது ஸ்வராஜ் தீவு) ஒரு ரிசார்ட்டில் தங்கினோம். ரிசார்ட் ஏற்பாடு செய்த ஸ்கூபா டைவிங்கில் முதன்முறையாகக் கடலுக்குள் இறங்கினோம். இருவருக்கும் நீச்சல் தெரியாது. இறங்கும்போதே காது வலிப்பதாக மனைவி சைகை காட்டியும் பயிற்றுநர் நிறுத்தாமல் கீழே கொண்டுபோனார். இடது செவிப்பறை கிழிந்துவிட்டது. ஊர் திரும்பி ஆபரேஷன் செய்தும் அந்தக் காதில் சரியாகக் கேட்பதில்லை. "எது நடந்தாலும் நாங்கள் பொறுப்பல்ல என்று கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள், வழக்கென்றால் போர்ட் பிளேரில்தான் போட வேண்டும்" என்கிறது ரிசார்ட். அதே படிவத்தில் உடல்நலக் கேள்விகள் எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று டிக் போடச் சொன்னார்கள். அன்று மனைவிக்கு லேசான சளி இருந்தது. நஷ்டஈடு கேட்க முடியுமா?
– ஒரு வாசகர், கோவை

பதில்: கேட்க முடியும். ஆனால் நீங்கள் பயப்படும் படிவம் இந்த வழக்கைத் தீர்மானிக்கப் போவதில்லை. உங்கள் மனைவி காது வலிக்கிறது என்று சைகை காட்டிய பிறகு பயிற்றுநர் என்ன செய்தார், அதை உங்களால் நிரூபிக்க முடியுமா என்பதுதான் தீர்மானிக்கும்.

முதலில் படிவத்தைப் பார்ப்போம். அலட்சியத்தால் நேரும் மரணத்துக்கும் உடற்காயத்துக்கும் எந்த ஒப்பந்த வாசகத்தாலும் பொறுப்பைக் கைகழுவ முடியாது என்று இங்கிலாந்தில் 1977இலேயே சட்டம் வந்துவிட்டது. நம் நாட்டில் அப்படி நேரடியான சட்டம் இல்லை. அநியாய ஒப்பந்த விதிகளுக்குத் தனிச் சட்டம் வேண்டும் என்று 2006இல் சட்ட ஆணையம் தன் 199ஆவது அறிக்கையில் பரிந்துரைத்ததோடு அது நின்றது. அதனால் உங்கள் வழக்கறிஞர் இருக்கிற சட்டத்தைக் கொண்டுதான் வாதாட வேண்டும். பொதுநலனுக்கு விரோதமான ஒப்பந்தம் செல்லாது என்கிறது 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 23ஆவது பிரிவு. சமபலம் இல்லாத இருவரில் பலசாலி மற்றவர்மீது திணிக்கும் மனசாட்சியற்ற விதியும் இதில் அடிபடும் என்று 1986இல் பிரஜோநாத் கங்குலி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. உங்களுக்கு இன்னும் நெருக்கமானது 2019 நவம்பரில் வந்த தாஜ்மகால் ஹோட்டல் வழக்குத் தீர்ப்பு. விருந்தினர் ஊழியரிடம் சாவி கொடுத்து நிறுத்திய கார் திருடுபோனது. 'உரிமையாளர் பொறுப்பில்' என்று பார்க்கிங் சீட்டில் அச்சிட்டிருந்தாலும், தன் ஊழியரின் அலட்சியத்திலிருந்து ஹோட்டல் ஒப்பந்தத்தின் மூலம் தப்ப முடியாது என்று உச்ச நீதிமன்றம் கூறியது. அது ஒப்படைக்கப்பட்ட வாகனம் பற்றிய தீர்ப்பு, மனித உடல் பற்றியது அல்ல என்று எதிர்த்தரப்பு வேறுபடுத்திக் காட்டும். காருக்கே அந்தப் பாதுகாப்பு உண்டென்றால் உயிருள்ள விருந்தினருக்கு அதைவிடக் குறைவாக எப்படி இருக்க முடியும் என்பதே உங்கள் பதில். வலுவான வாதம்தான். ஆனால் இது வாதம், உத்தரவாதம் அல்ல.

கடலடி விளையாட்டில் ஆபத்து உண்டு என்று தெரிந்துதானே இறங்கினீர்கள் என்று அடுத்துக் கேட்பார்கள். இதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பேருந்தில் ஏறுகிறவர் சாலையின் ஆபத்தை ஏற்கிறாரே தவிர, டிரைவரின் கவனக்குறைவை ஏற்பதில்லை. அறிமுக டைவ் என்ற ஏற்பாட்டிலேயே இந்த வேறுபாடு இருக்கிறது. சான்றிதழ் பெற்ற டைவர் தன் மிதப்பைத் தானே கட்டுப்படுத்துகிறார், வேண்டாமென்றால் தானே மேலே வருகிறார். முதன்முறை இறங்குபவருக்கு, அதுவும் நீச்சல் தெரியாதவருக்கு, அந்தத் தேர்வே கிடையாது. அவரைப் பின்னாலிருந்து பிடித்தபடி, காற்றுச் சட்டையை இயக்கி, இறக்குவதும் ஏற்றுவதும் பயிற்றுநர்தான். கடல்மட்டத்தில் ஒரு வளிமண்டல அளவுள்ள அழுத்தம் 10 மீட்டர் ஆழத்தில் இரண்டாகிவிடும். மாற்றத்தின் விகிதம் மேல்மட்டத்தின் சில மீட்டர்களில்தான் மிக அதிகம், காது அடிபடுவதும் பெரும்பாலும் அங்கேதான். மூக்கைப் பிடித்து மெதுவாக ஊதி அழுத்தத்தைச் சமன்செய்வது, வலித்தால் இறங்குவதை நிறுத்துவது, சற்று மேலேறி மறுபடி முயல்வது, அப்படியும் காது திறக்காவிட்டால் டைவையே கைவிடுவது: பயிற்றுநர்கள் படிக்கும் அடிப்படைப் பாடம் இது. உள்ளங்கையைக் கீழ்நோக்கி விரித்து இருபுறமும் அசைத்துவிட்டுக் காதைத் தொட்டுக் காட்டுவதற்கு அர்த்தம் தெரியாத பயிற்றுநர் இல்லை. அந்தச் சைகையைப் பார்த்தும் இறக்கியிருந்தால் அது கடலின் ஆபத்து அல்ல, சேவைக் குறைபாடு.

சளி விஷயத்தில் உங்கள் நிலை பலவீனம்தான். மூக்கடைப்பு இருந்தால் காற்று நடுச்செவிக்குப் போகாது, சமன்செய்வது கடினம். சளியை மறைத்து 'இல்லை' என்று டிக் செய்ததால் தவறில் உங்கள் மனைவிக்கும் பங்குண்டு என்பார்கள். நுகர்வோர் ஆணையம் அதை ஏற்றால் நஷ்டஈட்டுத் தொகை குறையலாம். டிக் போடச் சொன்னது அவர்கள் ஊழியர் என்றால், அதை எப்போது, எங்கே, யார் சொன்னார் என்று புகாரின் முதல் பக்கங்களிலேயே நீங்களாகச் சொல்லிவிடுங்கள். எதிர்த்தரப்பு வெளிக்கொண்டு வந்தபின் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். சளி இருந்ததாலேயே பயிற்றுநரின் கடமை தீர்ந்துவிடுவதும் இல்லை. படிவத்தில் என்ன எழுதியிருந்தாலும் நீருக்கடியில் வலி என்ற தகவல் அவருக்குக் கிடைத்துவிட்டது. விமானத்தில் திரும்பியபோதுதான் செவிப்பறை கிழிந்தது என்றும் ஒரு வாதம் வரக்கூடும். விமானக் கேபினின் அழுத்தம் தரையில் இருப்பதைவிட ஏறத்தாழ கால் பங்குதான் குறையும், 10 மீட்டர் ஆழத்தில் கூடுவதோ முழு ஒரு வளிமண்டலம். ஆனால் இதை வழக்கறிஞர் சொன்னால் போதாது. காது மூக்கு தொண்டை மருத்துவர் எழுத்தில் சொல்ல வேண்டும். தீவை விட்டுக் கிளம்பும் முன்பே எந்த மருத்துவரிடமாவது காட்டினீர்களா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. காட்டியிருந்தால் அந்த ஒரு துண்டுச் சீட்டு விமான வாதத்தை அங்கேயே முடித்துவிடும்.

இப்போது கண்டிக்க வேண்டியதைக் கண்டிக்கிறேன். ஒரு வருடம் எட்டு மாதம் எதற்காகக் காத்திருந்தீர்கள்? நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன் 69ஆவது பிரிவு, வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள் மட்டுமே தருகிறது. ரிசார்ட்டுடன் மெயில் எழுதிக்கொண்டிருந்ததாலோ வக்கீல் நோட்டீஸ் அனுப்பியதாலோ அந்தக் கெடு நீளாது. பலர் ஏமாறுவது இங்கேதான். கெடு கடந்தபின் தாமத மன்னிப்பு மனு போடலாம், ஆனால் ஒவ்வொரு நாளுக்கும் காரணம் கேட்பார்கள். 'பேசித் தீர்ப்பார்கள் என்று நம்பினோம்' என்பது போதுமான காரணம் என்று எண்ணிவிடாதீர்கள். அடுத்தது வீடியோ. டைவ் முடிந்ததும் கோப்ரோவில் எடுத்த படத்தை விருந்தினருக்குக் கொடுப்பது அங்கே வழக்கம். உங்களுக்கும் கொடுத்திருந்தால், அந்தச் சைகை அதில் பதிவாகியிருக்கக் கூடும். வாட்ஸ்அப்பில் வந்த சுருங்கிய, வெட்டிய துண்டை மட்டும் வைத்துக்கொண்டு மூலக் கோப்பை அழித்திருந்தால் உங்கள் மிகச் சிறந்த சாட்சியை நீங்களே தொலைத்துவிட்டீர்கள். கோப்பு இருக்கிற மெமரி கார்டை இனி யாரும் தொடக் கூடாது. பாரதிய சாட்சிய சட்டம் 2023இன் 63ஆவது பிரிவுச் சான்றிதழோடு நகலைத் தாக்கல் செய்ய வேண்டும். கோப்பு இல்லையென்றால், முழுப் பதிவையும் பாதுகாத்துத் தரும்படி டைவிங் மையத்துக்கு இன்றே பதிவுத் தபாலில் எழுதுங்கள். தர மறுத்தால் அந்த மறுப்பையும் ஆணையத்தில் எடுத்துச் சொல்லலாம்.

போர்ட் பிளேருக்கு (இன்றைய ஸ்ரீ விஜயபுரம்) நீங்கள் போக வேண்டியதில்லை. புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் செய்யலாம் என்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34ஆவது பிரிவு சொல்கிறது. 1986ஆம் ஆண்டுப் பழைய சட்டத்தில் இந்த வசதி இல்லை. படிவத்தின் ஒரு வரியைக் காட்டி முதல்கட்ட ஆட்சேபம் எழுப்புவார்கள், பதில் தயாராக இருக்கட்டும். ரிசார்ட், டைவிங் மையம், பயண முகவர் இருந்தால் அவர் என எல்லோரையும் எதிர்மனுதாரர் ஆக்குங்கள். டைவிங் மையம் தனி நிறுவனம் என்று ரிசார்ட் நழுவப் பார்த்தால், டைவுக்கான பணம் யாருடைய பில்லில் ஏறியது என்பதே பேசும். ஆணையத்தின் வரம்பு நீங்கள் செலுத்திய கட்டணத்தை வைத்தே தீர்மானிக்கப்படுகிறது, கேட்கும் நஷ்டஈட்டை வைத்து அல்ல. 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம்தான். கட்டணம் 5 லட்சத்துக்குள் என்றால் புகார் கட்டணமே கிடையாது. ஒரு கண்ணி மட்டும் உண்டு: 'அநியாய ஒப்பந்தம்' என்ற அடிப்படையில் பரிகாரம் கேட்கும் புகாரை விசாரிக்கும் அதிகாரத்தைச் சட்டம் மாநில ஆணையத்துக்குத்தான் தந்திருக்கிறது. மாவட்ட ஆணையத்தில் போடும் புகாரைச் சேவைக் குறைபாட்டின் மீது மட்டும் நிறுத்த வேண்டும். படிவத்துக்கான பதில் வாதத்தில் வரட்டும், பரிகாரக் கோரிக்கையில் வேண்டாம்.

உங்கள் கடிதத்தை மட்டும் வைத்து எழுதியது இது. படிவத்தின் சொற்களையோ மருத்துவக் குறிப்பையோ நான் பார்க்கவில்லை, அவற்றில் ஒரு வரி மாறினாலும் பதில் மாறலாம். படிவம், பில், வங்கிக் கணக்குப் பதிவு, ஆபரேஷன் டிஸ்சார்ஜ் சம்மரி, முதலிலும் கடைசியிலும் எடுத்த ஆடியோகிராம், வீடியோ இருக்கும் கார்டு ஆகியவற்றை எடுத்துக்கொண்டு, நுகர்வோர் வழக்கு நடத்தும் வழக்கறிஞரை இந்த வாரமே மனைவியோடு நேரில் சென்று பாருங்கள். உங்களுக்கு மிச்சம் இருப்பது நான்கே மாதங்கள்.