பெரிய நாய்க்கு உயரமான கிண்ணம் தேவையா?

மாணவர்களே, பீடோங் தோட்டமோ கூலிம் தாமானோ, வீட்டில் அல்சேஷன், ராட்வைலர் இருந்தால் அது சாப்பிடுவதைக் கவனியுங்கள். மெல்லாது, விழுங்கும். படிவம் 2இல் படித்த அமைலேஸ் நினைவிருக்கிறதா? நம் எச்சிலில் மாவுச்சத்தைச் சிதைக்கும் அந்த நொதி, நாயின் எச்சிலில் ஏறக்குறைய இல்லை. மென்று என்ன பயன்?

ஆனால், அவசரத்தில் காற்றும் உள்ளே போகும். நெஞ்சுக்கூடு ஆழமான பெரிய நாய்களுக்கு இரைப்பை உப்பி, முறுக்கிக்கொள்ளலாம். இரத்த ஓட்டம் தடைப்பட்டுச் சில மணி நேரத்தில் உயிரே போகும்.

பாவம், குனிகிறதே என்று கிண்ணத்தை முக்காலியில் வைப்பவர்கள் உண்டு. அப்படி உண்ணும் பெரிய நாய்களுக்கு இந்த ஆபத்து கூடுதல் என்றது அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகம் 2000இல் வெளியிட்ட ஆய்வு. பிந்தைய ஆய்வுகள் எல்லாமே இதை ஒப்பவில்லை. என்னைக் கேட்டால், தரையே போதும். உணவை இரண்டு மூன்று வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். வயிறு உப்பி, குமட்டியும் வாந்தி வராவிட்டால் உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.