கம்பி கட்டிய சைக்கிளில் இறக்கம் இறங்குமுன்

2022 ஜூன் கடைசியில், இலங்கையில் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே பெற்றோல் என்றானபோது, லயத்துக்குப் பின்னால் துருப்பிடித்துக் கிடந்த சைக்கிள்களெல்லாம் வெளியே வந்தன. கட்டடக் கம்பியை வளைத்துக் கரியரை நீட்டினோம். விறகு, மா மூட்டை, காஸ் சிலிண்டர் எல்லாம் அதில் ஏறின. அப்படி மாற்றிய சைக்கிள் உங்களிடம் இருந்தால், எங்கள் பொல்பிட்டியவிலிருந்து எந்தப் பக்கம் போவதானாலும் கீழே சொல்வதை ஒருமுறை செய்து பாருங்கள்.

முதல் வேலை பிரேக். கரியர் பிறகு. பாரம் ஏற்றப் போகிறோம் என்றதும் எல்லோரும் கரியரைத்தான் பலப்படுத்துகிறார்கள். அந்தப் பாரத்தை இறக்கத்தில் பிடித்து நிறுத்துவது பிரேக். பொல்பிட்டிய மின்நிலையம் 1969 முதல் உயரத்திலிருந்து விழும் தண்ணீரை மின்சாரமாக்குகிறது. நீங்கள் இறங்கும் உயரமோ பிரேக்கில் சூடாகிறது. ஆள், சைக்கிள், மூட்டை எல்லாம் சேர்த்து 100 கிலோ என்று வையுங்கள். 100 மீற்றர் உயரத்தைப் பிரேக் பிடித்தபடி மெதுவாக இறங்கினால் வரும் சூட்டில் இரண்டு கப் பிளேன்டீக்குத் தண்ணீர் கொதிக்கும். அந்தச் சூட்டை வாங்கும் இடத்தில் ரப்பர் செருப்பை வெட்டி வைத்திருந்தால் இன்றைக்கே கழற்றிவிடுங்கள். அது இளகும், பிய்ந்துபோகும்.

புதுப் பிரேக் கட்டை போடும்போது அதன் தகரக் கூட்டைக் கவனியுங்கள். ஒரு முனை மூடியும் மறுமுனை திறந்தும் இருந்தால், மூடிய முனை சில்லு சுழலும் திசையைப் பார்க்க வேண்டும். மாறிப்போனால், பிரேக்கை அழுத்தும்போது சில்லே கட்டையை வெளியே இழுத்துவிடும். பிறகு முன்பிரேக்கை முழுப் பலத்தோடு அழுத்தி, பத்து வரை எண்ணுங்கள். பிடி ஹான்டிலில் முட்டினாலோ, வயர் நுனியில் ஓர் இழை பிரிந்திருந்தாலோ வயரை மாற்ற வேண்டும். பின்பிரேக்குக்கும் இதே சோதனைதான்.

இங்கே மழை அதிகம். பழைய குரோம் இரும்பு ரிம் நனைந்தால் நிற்கும் தூரம் பல மடங்காகும். ஆகவே வளைவுக்கு வெகுமுன்பே லேசாகப் பிடித்து ரிம்மைத் துடைத்துக்கொள்ளுங்கள்.

இனிக் கரியர். சைக்கிள் குழாயின் சுவர் ஒரு மில்லிமீற்றரை ஒட்டிய கனம்தான். தடித்த கம்பியை அதில் வெல்ட் பண்ணும்போது பக்கத்துக் குழாய் வெந்து பலவீனமாகிவிடுகிறது. உடைவதும் பெரும்பாலும் வெல்டில் அல்ல, அதன் ஓரத்தில். என் சைக்கிளிலும் இதுதான் நடந்தது. வெல்டை ஒட்டிப் பெயின்டில் தலைமுடி கனத்தில் ஒரு கோடு. துணியால் துடைத்தேன், மறுநாள் காலையில் அதே இடத்தில் செந்நிறத் துரு கசிந்திருந்தது. அது கீறலல்ல, வெடிப்பு. அப்படிக் கண்டால் மேலே இன்னொரு வெல்ட் போடாதீர்கள். அந்தச் சைக்கிளில் பாரம் ஏற்றுவதையே நிறுத்துங்கள். புதிதாகக் கட்டுபவர்கள் வெல்டை விட்டு, ரப்பர் சுற்றிய கிளாம்ப்பும் போல்ட்டும் போடலாம். கரியரின் கால்கள் பின் அச்சுக்குப் பக்கத்திலேயே இறங்கட்டும். பாரம் அச்சுக்குப் பின்னே தொங்கினால் முன்சில்லு இலேசாகி, ஏற்றத்தில் ஹான்டில் சொன்னபடி கேட்காது.

புல்வெட்டும் மெஷின் எஞ்சினைச் சைக்கிளில் பூட்டுவதை மட்டும் வேண்டாம் என்பேன். அந்த வேகத்தை நிறுத்த இந்தப் பிரேக்குகளால் ஆகாது.

கடைசியாக மண் மூட்டைச் சோதனை. வழக்கமாக ஏற்றுவதைப் போல ஒன்றரை மடங்கு மண்ணைக் கட்டுங்கள். கரியர் நுனியிலிருந்து சீட் கம்பி வரை நூல் பிடித்து முடிச்சுப் போடுங்கள். ஏறி உட்காராமல், கல் ரோட்டில் அரை மணி நேரம் தள்ளிக்கொண்டு போங்கள். திரும்பி வந்து அதே நூலைப் பிடியுங்கள். முடிச்சு பழைய இடத்தில் இல்லையென்றால் கம்பி வளைந்திருக்கிறது, அல்லது கிளாம்ப் நழுவியிருக்கிறது. சரியாக இருந்தால் மூட்டையைப் பாதியாக்கி, வாகனம் வராத சின்ன இறக்கமொன்றில் நடை வேகத்தில் இறங்கி, இரண்டு பிரேக்கையும் தனித்தனியாகப் பிடித்து நிறுத்திப் பாருங்கள்.