அரச மீனும் ஆற்று வேட்டமும்

தோற்றுவாய்

மீன்வேட்டம் என்றவுடன் நம் உள்ளத்தில் எழுவன கடலும், கட்டுமரமும், திரை மோதும் மணற்கரையுமேயாம். தமிழிலக்கியம் பயில்வோர்க்கு அது நெய்தல் நிலத்துத் தொழில். திருமறை பயில்வோர்க்கோ கலிலேயாக் கடலோரத்து வலைஞர் தொழில். இவ்விரண்டிடத்தும் மனிதன் மீனைத் தேடிச் செல்கின்றான். மீனே கடலினின்றும் புறப்பட்டு, ஆற்று நீரை எதிர்த்து ஏறி, மனிதன் வாழும் மலைநாட்டை நோக்கி வருதல் பிறிதொரு காட்சி. வட அமெரிக்காவின் மேலைக் கரையில், பசிபிக் மாகடலிற் கலக்கும் ஆறுகளில், ஆண்டுதோறும் இலையுதிர்காலத்தில் நிகழும் அக்காட்சியையும் அதனையொட்டிய வேட்டத்தையும் ஈண்டு ஒருவாறு ஆராயப் புகுகின்றோம். பல ஆறுகளை மேற்போக்காகக் கூறுதலினும் ஓராற்றை உற்று நோக்குதல் நலமாகலின், ஆரிகன் மாநிலத்தில் தோன்றிக் கலிபோர்னியாவின் வடபகுதி வழியே 250 மைலுக்கு மேல் ஓடிக் கடலை அடையும் கிளமத் ஆற்றையே எடுத்துக்கொண்டோம்.

மீனின் இயல்பு

பசிபிக் கடலில் வாழும் சால்மன் மீன்கள் பல வகையின. அவற்றுள் உருவிற் பெரியது சினூக் என்பது. கொலம்பியா ஆற்றின் முகத்துவாரத்தில் வாழ்ந்த சினூக் குடியினரின் பெயரே மீனுக்கும் ஆயிற்று. அதன் பருமையும் வலிமையும் கருதி அதனை அரச சால்மன் என்றும் வழங்குவர். 1985ஆம் ஆண்டு அலாஸ்காவின் கீனை ஆற்றில் தூண்டிலிற் பிடிபட்ட ஒரு மீன் 97 பவுண்டுக்கு மேல் நிறையுடையதாயிருந்தது. கிளமத் ஆற்று மீன்கள் அத்துணைப் பெரியன அல்ல; எனினும் 10 முதல் 20 பவுண்டு வரை நிறையுள்ள மீன்கள் ஆண்டுப் பொதுவே. நம் நாட்டு அங்காடிகளில் இந்தியச் சால்மன் எனச் சிலர் குறிக்கும் காலா மீன் முற்றும் வேறு குடும்பத்தது என்பதையும் நினைவிற் கொள்க.

இம்மீனின் பிறப்பு மலைநாட்டின் தெளிந்த குளிர்நீரில் நிகழ்கின்றது. தாய்மீன் தன் வாலால் கூழாங்கற்களை அகழ்ந்து குழி செய்து, அதனுள் முட்டையிட்டு, மீண்டும் கற்களால் மூடிவிடும். முட்டைகள் மாரிக்காலத்தைக் கல்லிடுக்கிலேயே கழிக்கும். குஞ்சுகள் வேனிற்றொடக்கத்தில் வெளிப்பட்டுச் சில திங்களில் கடலை நோக்கி இறங்கும். உவர்நீரில் வாழ்தற்கேற்ப அவற்றின் உடலும் அவ்வழியிலேயே மாற்றமுறும். பின்னர்ப் பெரும்பாலும் மூன்று அல்லது நான்கு வயதில், வளர்ந்து கொழுத்து, தாம் பிறந்த ஆற்றையே தேடி மீளும்.

எண்ணிறந்த ஆறுகளுள் தன் ஆறு இதுவென மீன் அறிவது எங்ஙனம்? ஒவ்வோர் ஓடையின் மண்ணும் செடியும் அதன் நீருக்குத் தனி மணம் ஒன்றைத் தருகின்றன. குஞ்சுப் பருவத்தில் உணர்ந்த அம்மணத்தை மீன் மறவாது மீள்கின்றது என்னும் கொள்கையை ஹாஸ்லர், விஸ்பி என்னும் அறிஞர் இருவர் 1951ஆம் ஆண்டு வெளியிட்டனர். பிற்காலச் சோதனைகள் அக்கொள்கைக்கு வலிமை தந்தன. நடுக்கடலில் திசையறிதற்கு நிலவுலகின் காந்த ஆற்றலும் துணையாகின்றது என்பர்.

ஆற்றினுட் புகுந்தபின் அரச மீன் உண்பதில்லை. கடலிற் சேர்த்த கொழுப்பே அதன் கட்டுச்சோறு. அதனைக் கொண்டே நீர்வீழ்ச்சிகளைத் தாவி, நாள் பலவாக ஏறிச் செல்லும். செல்லச் செல்ல வெள்ளி போன்ற உடல் கருஞ்சிவப்பும் பழுப்புமாக மாறும். ஆண்மீனின் தாடை கொக்கிபோல் வளையும். முட்டையிட்டபின் ஆணும் பெண்ணும் மடிந்தொழியும். அவ்வுடல்கள் கரடிக்கும் கழுகிற்கும் உணவாகி, எஞ்சியவை மண்ணிற் கலந்து கரையோரத்து மரங்களுக்கு எருவாகின்றன. கடலினின்று வந்த நைதரசன் அம்மரங்களின் உடலிற் காணப்படுவதை ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர். நிலத்தில் வீழ்ந்து மடிந்து பலன் தரும் கோதுமை மணியை நம் திருமறையிற் கற்றோர்க்கு இம்மீனின் முடிவு விளங்காததொன்றன்று.

தூண்டில் வேட்டம்

ஆடியின் பிற்பகுதி தொடங்கி ஐப்பசி வரையில் இலையுதிர்கால மீன்கள் கிளமத் ஆற்றினுட் புகுகின்றன. உண்ணாத மீனைத் தூண்டிலிற் பிடித்தல் எங்ஙனம் என்னும் ஐயம் எழுதல் இயல்பே. பசியால் அன்று, சினத்தாலும் பழக்கத்தாலுமே அது இரையைக் கவ்வுகின்றது என்பது வேடர் கருத்து. தான் தங்கிய இடத்தருகே பளிச்சிட்டுச் சுழலும் தகட்டை அது எதிரியாகக் கருதித் தாக்கும். மீன்முட்டைத் திரளைக் கண்டால் கடல்வாழ்வின் பழக்கத்தால் வாய்க்கொள்ளும். ஆகவே ஈண்டு வேடனுக்கு வேண்டுவது மீனின் பசியை அறிதலன்று. அது தங்குமிடத்தை அறிதலேயாம்.

ஏறிவரும் மீன் இடையறாது நீந்துவதில்லை. விரைந்தோடும் நீரைக் கடந்தபின் ஆழ்ந்த கயத்திலோ, பெரும்பாறையின் பின்புறத்திலோ, வேகநீரும் மெல்லோட்டமும் அடுத்தடுத்துச் செல்லும் எல்லையிலோ இளைப்பாறும். நீர் வெப்பமுற்றால் செலவை நிறுத்திக் குளிர்ந்த ஓடை வந்து கலக்குமிடத்தில் கூட்டமாகத் தங்கும். முதல் மழை பெய்து நீர் சற்றே பெருகிக் குளிர்ந்தவுடன் மீண்டும் புறப்படும். இவற்றை அறிந்தோர் விடியற்பொழுதையும் அந்தியையுமே தேர்ந்துகொள்வர். நண்பகல் வெயிலில் மீன் ஆழத்தில் அடங்கிக் கிடக்குமாகலின்.

கரையில் நின்று வீசுவோர் மேற்புறமாக வீசி, ஈயக்குண்டு அடியிற் கற்களைத் தொட்டுத் தொட்டுச் செல்லுமாறு இரையை நீரோட்டத்துடன் விடுவர். குண்டின் நிறை மிகின் பாறையிற் சிக்கும். குறையின் இரை மீனின் தலைக்கு மேலே போய்விடும். சிலர் தட்டையான அடியுடைய படகில் துடுப்பால் ஓட்டத்தைத் தடுத்து, படகை நீரினும் மெல்லச் செலுத்தி இரையை மீனின் முன் நிறுத்துவர். இறகும் நூலும் கொண்டு புனைந்த செயற்கை ஈயை வீசுவோரும் உளர். எம்முறை கொள்ளினும் கைவிரல் நரம்பின் மீதே இருத்தல் வேண்டும். கல்லின் தட்டும் மீனின் கவ்வலும் தொடக்கத்தில் ஒன்றுபோலவே தோன்றும். வேறுபாட்டை விரலே கற்றுக்கொள்ள வேண்டும்.

கவ்விய மீன் முதற்கண் நெடுந்தூரம் ஓடும். அப்பொழுது நரம்பை இறுகப் பற்றினால் அறும். விட்டுவிட்டால் முள் கழலும். ஓடுங்கால் விட்டும், நிற்குங்கால் இழுத்தும், அதன் வலிமை தளரும்வரை பொறுத்தல் வேண்டும். இவ்வாற்றிற் பயன்படுத்தும் முள்ளின் நுனிக்கருகே பின்னோக்கிய சிறுகொளுவி இருத்தல் ஆகாது என்பது மாநிலச் சட்டம். விடவேண்டிய மீனை ஊறின்றி விடுதற்பொருட்டே அவ்விதி.

பழங்குடியினர் வேட்டம்

தூண்டிலுக்கு நெடுங்காலம் முன்னரே இவ்வாறு யூரோக், காரக், ஹூப்பா முதலிய குடியினரின் வாழ்வாக இருந்தது. யூரோக் குடியினர் முகத்துவாரத்தையடுத்துச் செவுள்வலை விரிக்கின்றனர். காரக் குடியினர் இஷிபிஷி நீர்வீழ்ச்சியின் பாறைகளில் நின்று, நீண்ட கழிகளிற் கட்டிய வலையை நுரைநீரில் அமிழ்த்தி மீனைக் கோருகின்றனர்.

அவர் செயல்களுள் நம் கருத்தைப் பெரிதும் கவர்வது கெப்பல் என்னுமிடத்தில் முற்காலத்து யூரோக் மக்கள் அமைத்த மீன்வேலி. ஆற்றின் குறுக்கே மரக்கழிகளை நட்டு, இடையிடையே மீன் புகும் அறைகளை அமைப்பர். கட்டுதற்குப் பத்து நாள், பிடித்தற்குப் பத்து நாள், அவ்வளவே. அதன்பின் மீன் எத்துணை மிகுதியாக வரினும் வேலியைக் கலைத்துவிடுவர். மேலே வாழும் குடியினர்க்கும் மீன் வேண்டும். மீனுக்கும் முட்டையிடும் இடம் வேண்டும். ஆண்டின் முதல் மீனுக்குரிய சடங்கு முடியுங்காறும் மீன் உண்ணாமையும் மேலைக் கரையின் பல குடிகளிடத்து வழக்காய் இருந்தது. அவ்விடைவேளையிற் பல மீன்கள் வலைக்குத் தப்பி மேலேறியிருக்கும் என்பது கருதத்தக்கது.

கேடும் மீட்சியும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் முகத்துவாரத்தில் மீனைத் தகரப்பெட்டியில் அடைக்கும் தொழிற்சாலைகள் எழுந்தன. மீன் குறையவே 1933ஆம் ஆண்டு மாநில அரசு வாணிப வேட்டத்தைத் தடுத்தது. அதனுடன் பழங்குடியினரின் வலைகளையும் தடுத்தது. மிகுதியாகப் பிடித்தோரும் அளவறிந்து பிடித்தோரும் ஒரே தண்டனை பெற்றனர். பழங்குடியினர் வழக்கிட்டு, 1973ஆம் ஆண்டு அமெரிக்க உச்சநீதிமன்றத்தின் தீர்ப்பால் தம் நிலவுரிமை நிலைபெறக் கண்டனர். பின்னர் 1993ஆம் ஆண்டு, பிடிக்கத்தக்க மீனிற் செம்பாதி யூரோக், ஹூப்பா குடிகளுக்குரியது என நடுவணரசின் உள்துறை முடிவு கூறிற்று.

வலையினும் பெருங்கேடு விளைத்தவை அணைகள். 1918 முதல் 1962 வரை மின்னாற்றலின் பொருட்டு ஆற்றின் மேற்பகுதியில் நான்கு அணைகள் எழுந்தன. அவற்றுள் அடியிலிருந்த அணையில் மீன் ஏறுதற்கு வழியில்லை. அதற்கு மேலுள்ள ஓடைகளின் நீளம் 400 மைல் அளவினது எனக் கணக்கிட்டனர். அவ்வளவும் மீனுக்கு அடைபட்டது. 2002ஆம் ஆண்டு புரட்டாசி அளவில், நீர் குறைந்து வெப்பமுற்றிருந்த கீழாற்றில் நெருங்கித் தங்கிய மீன்களிடையே செவுள்நோய் பரவி, 30,000க்கு மேற்பட்ட மீன்கள் முட்டையிடாமலே மடிந்தன. வழிவழியாக அம்மீனையே நம்பி வாழ்ந்தோர், கரையெங்கும் அழுகிக் கிடந்த உடல்களிடையே நின்றனர். அணைகளை அகற்றவேண்டும் என்னும் அவர்தம் முறையீடு அன்று முதல் உரத்த குரலாயிற்று.

இருபதாண்டு முயற்சி வீண்போகவில்லை. 2022இல் இசைவு கிடைத்தது. 2023, 2024 ஆகிய ஆண்டுகளில் நான்கு அணைகளும் அகற்றப்பட்டன. 2024 அக்டோபரிலேயே, அணைகள் நின்ற இடங்களைக் கடந்து ஆரிகன் மாநிலத்து ஓடையொன்றில் இலையுதிர்கால அரச மீன் காணப்பட்டது. தாய்தந்தையர் அறியாத ஓடை அது. அவற்றின் முன்னோர் நூறாண்டுக்கு முன் அறிந்த ஓடை. ஆயினும் அதே ஆண்டில் மீன் குறைவினால் கலிபோர்னியாவில் சால்மன் வேட்டம் தடைசெய்யப்பட்டிருந்தது. வழி திறந்த அன்றே வளம் நிறைந்துவிடாது என்பதற்கு இது சான்று.

விடுதலின் திறம்

இம்மீனைப் பிடித்தல் தகுமோ என்று வினவலாம். முட்டையிடச் செல்லும் உயிரை வழிமறித்தல் கொடிதன்றோ என எமக்கும் முதலில் தோன்றியது. ஆய்ந்து நோக்கின் விடை வேறாகின்றது. ஒரு தாய்மீன் சில ஆயிரம் முட்டைகளை இடுகின்றது. அவற்றுள் இரண்டே மீன்கள் வளர்ந்து மீண்டுவந்து முட்டையிடுமாயின் குலம் குன்றாது. இரண்டிற்கு மேல் மீள்வன உளவாயின் அம்மிகுதி கரடிக்கும் மனிதனுக்கும் உரிய பங்கு. ஆனால், ஆற்றிலேறும் ஒவ்வொரு மீனும் கடலின் இடர் அனைத்தையும் கடந்து வந்தது. முட்டையிடற்குச் சில கிழமைகளே எஞ்சியது. ஆதலின் ஈண்டு ஒரு மீனை மிகையாகப் பிடித்தல் கடலிற் பல குஞ்சுகளைப் பிடித்தலினும் பெரிய இழப்பாகும்.

இக்கால மீன்வளத் துறையினரும் இந்நெறியே கணக்கிடுகின்றனர். முதலில் அவர் எண்ணுவது பிடிக்கத்தக்க மீனையன்று, விடத்தக்க மீனையே. கிளமத் ஆற்றில் இயற்கையான இடங்களில் முட்டையிடவேண்டிய இலையுதிர்கால மீன்களுக்கு 40,700 என்னும் குறியளவை வகுத்தனர். எஞ்சியதையே பங்கிடுவர். கெப்பல் வேலியைப் பத்தாம் நாள் கலைத்த முதியோர் எண்கொண்டு எழுதாமற் செய்ததை, இவர் எண்கொண்டு செய்கின்றனர்.

முடிவுரை

இது தொலைநாட்டுச் செய்தியேயென்று கழித்துவிடுதற்கில்லை. நம் காவிரியிலும் கொள்ளிடத்திலும் உல்லம் என்னும் மீன் கடலினின்றும் ஏறிவந்தது. ஆற்றின் குறுக்கே எழுந்த அணைக்கட்டுகள் அதன் வழியைச் சுருக்கின. 1934இல் மேட்டூர் அணை நிறைவுற்றபின் அவ்வேற்றம் பெரிதும் குன்றியது. உழவிற்கு நீர் வேண்டாவென்று யாம் கூறவில்லை. அணையாற் பெற்றதைக் கணக்கிட்ட நாம் இழந்ததைக் கணக்கிட்டோமா என்பதே எம் வினா.

இறைவன் மனிதனுக்கு மீன்மேல் ஆளுகை அளித்தான் என்று நம்புவோர், அவ்வாளுகை கொள்ளையன்று, காவல் என்பதையும் நம்புதல் வேண்டும். வலை வீசும் திறத்தைச் சில நாளிற் கற்கலாம். நிறைந்து வரும் மீனைக் கண்முன் கண்டும், பத்தாம் நாளில் வேலியைக் கலைக்கும் திறமே அரிது. அதனைக் கற்ற குடியினர் வாழ்ந்த ஆற்றில் அரச மீன் இன்று மீண்டும் மேலேறுகின்றது.