மணிச்சித்திரத்தாழும் மனப்புண்ணும்

பகவன் புத்தர் அம்பின் உவமையால் ஒரு பாடம் அருளினார். ஒருவனை அம்பொன்று தைக்கின்றது. அஃது உடலின் வலி. அவ்வலியை எண்ணி எண்ணிப் புலம்பி அவன் மயங்குங்கால் இரண்டாம் அம்பும் தைக்கின்றது. அஃது உள்ளத்தின் வலி. தம்மத்தைப் பயின்றவனுக்கு முதல் அம்பு உண்டு, இரண்டாவது இல்லை என்பது அப்பாடத்தின் கருத்து. இதனை ஈண்டு ஒரு திரைப்படத்தைக் கொண்டு ஆராய்வாம். திரைப்படம் தம்மப் பத்திரிகைக்கு ஏற்ற பொருளன்று என்று கருதும் அன்பர் சிலர் உளர். ஆயினும் நம் ஆரியங்கோடு, பாறசாலைப் பக்கங்களில் சித்தம் கலங்கிய பெண்ணொருத்தியைக் கண்டால், மலையாளத்தாராயினும் தமிழராயினும், 'நாகவல்லி' என்று பெயரிட்டுச் சிரிப்பார் இன்றும் இருக்கின்றனர். அச்சிரிப்பு எங்கிருந்து வந்ததென்று பார்த்தல் நம் கடமையே.

1993ஆம் ஆண்டு வெளிவந்த 'மணிச்சித்திரத்தாழ்' என்னும் மலையாளப் படத்தை எழுதியவர் மது முட்டம், இயக்கியவர் பாசில். நமக்கு அண்மையிலுள்ள பத்மநாபபுரம் அரண்மனையிலும் அதன் காட்சிகள் எடுக்கப்பட்டன. கங்கை என்பாள் கணவனோடு ஒரு பழைய மாளிகைக்கு வருகின்றாள். பூட்டிக் கிடந்த தெக்கினி அறையைத் திறக்கின்றாள். அங்கே கொலையுண்ட தஞ்சை நர்த்தகி நாகவல்லியின் கதையைக் கேட்டு, இரவில் தானே நாகவல்லியாகித் தமிழ் பேசி ஆடுகின்றாள். ஷோபனா அவ்வேடத்திற்காகத் தேசிய விருது பெற்றார். 2005இல் இக்கதை 'சந்திரமுகி' எனத் தமிழிலும் வந்தது.

மக்கள் நினைவில் நின்றது நாகவல்லியின் கண்களும் சலங்கையுமே. நாம் அன்பர்களைப் பார்க்கச் சொல்வது வேறொன்று. மருத்துவர் சன்னி அப்பெண்ணின் பிறந்த ஊருக்குச் சென்று விசாரிக்கும் இடம் ஒன்று உண்டு. பெற்றோர் கல்கத்தாவில், குழந்தை பாட்டியிடம். பாட்டியின் கதைகளே அவளுக்குத் தாயும் தந்தையும். பின்னொரு நாள் திடீரென்று அவளை அழைத்துச் செல்வதாகச் செய்தி வருகின்றது. அன்றே அவள் சித்தம் ஒருமுறை சிதறிவிட்டது. ஆகவே நோய் தெக்கினியில் பிறந்ததன்று. இருமுறை வேரோடு பிடுங்கப்பட்ட குழந்தையின் துயரமே முதல் அம்பு. நாகவல்லி, அத்துயரம் பிற்காலத்தில் எடுத்து உடுத்திய ஆடை.

தாங்கவொண்ணாத அனுபவம் நேருங்கால் உள்ளத்தின் ஒரு பகுதி மற்றப் பகுதியினின்றும் பிரிந்து தனியே இயங்கும் என்று பிரெஞ்சு மனோதத்துவ அறிஞர் பியேர் ஜானே 1889லேயே எழுதினார். பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மனநோய் அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய்ப் பட்டியலில் தனிப்பெயருடன் இடம்பெற்றது 1980இல்தான். நம் மணிமேகலைக் காப்பியமோ இதனை நெடுங்காலத்திற்கு முன்பே தொட்டுவிட்டது. சுடுகாட்டில் பேய்மகளைக் கண்டு அஞ்சி உயிர்விட்ட சார்ங்கலன் என்னும் சிறுவனுக்காகத் தாய் கோதமை கதறுகின்றாள். அதற்குச் சம்பாபதித் தெய்வம், அவன் உயிரைக் கொண்டது பேயன்று, அவனது மனக்கலக்கத்தைப் பற்றுக்கோடாகக் கொண்டு வந்த வினையே என்று விடை கூறுகின்றது.

நிற்க. படத்தில் நோய் தீரும் முறையை நாம் ஒப்புதற்கில்லை. நாகவல்லியின் பகைவன் உருவத்தில் ஒரு பொம்மையை வைத்து, அவள் அதனை வெட்டிப் பழி தீர்த்ததாக நம்பச் செய்கின்றனர். உடனே கங்கை தெளிகின்றாள். கதைக்கு இது பொருத்தம், காண்போர்க்கும் நிறைவு. ஆனால் வெட்டுண்டது நாகவல்லியின் பகை. பாட்டியின் வீட்டு வாசலில் நின்ற குழந்தையின் துயரம் அப்படியே இருக்கின்றதல்லவா? ஜூடித் ஹெர்மன் என்னும் அமெரிக்க மருத்துவ அறிஞர் 1992இல் எழுதிய நூலில் மூன்று படிகளைச் சொல்கின்றார்: முதலில் அச்சமற்ற இடம், அடுத்து நடந்ததை நினைந்து அழுதல், பின்பு மனிதரோடு மீண்டும் கூடுதல். ஆலையில் நூலிழை அறுந்தால் பொறி முழுவதையும் நாங்கள் நிறுத்துவதில்லை. அந்தக் கதிரை மட்டும் கையால் நிறுத்தி, அறுந்த முனையைத் தேடியெடுத்துப் பிணைப்போம். முனையைத் தேடாமல் பிணைத்தவர் எவருமில்லர்.

இம்மூன்று படிகளும் படாசாரையின் சரிதத்தில் உள்ளன. கணவன் பாம்பு தீண்டி இறந்தான். ஒரு மகவைப் பருந்து கொண்டது, மற்றொன்றை ஆறு கொண்டது. பெற்றோரும் உடன்பிறந்தானும் வீடு இடிந்து மாண்டனர். ஆடையும் உணர்வும் இழந்து திரிந்தவளை மக்கள் பித்தியென்று கல்லெறிந்து விரட்டினர். பகவனோ தடுக்காதீர் என்று அவளை அருகே வரவிட்டார். எந்தப் பேய் பிடித்தது என்று அவர் வினவவில்லை. நினைவு திரும்புக என்ற அவரது அன்புச்சொல் கேட்டு அவள் தெளிந்தாள். ஒருவர் மேலாடை ஈந்தார். அதன்பின் தன் துயரமெல்லாம் சொன்னாள். பின்னாளில் பிக்குணியாகிக் கால் கழுவிய நீர் ஓடி நிலத்தில் மறைவதை நோக்கி ஞானம் பெற்றாள். மக்களை இழந்த தாய்மார் பலர் அவளிடம் வந்து ஆறுதல் பெற்றனர்.

படத்தில் ஒரு நற்செய்தியும் உண்டு. திலகன் நடித்த மந்திரவாதி நம்பூதிரி மருத்துவரோடு சண்டையிடாமல் அவருக்குத் துணை நிற்கின்றார். வெளியுலகில் இஃது அரிது. 2001 ஆகஸ்டு 6ஆம் நாள் இராமநாதபுரம் ஏர்வாடியில் ஒரு காப்பகக் கொட்டகை தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளர் 28 பேர் ஓட வழியின்றி மாண்டனர். பேயோட்டவும் தெய்வ அருள் பெறவும் உறவினர் கொண்டுவந்து விட்டவர்களே அவர்களிற் பலர்.

வீட்டில் ஒருவர் இவ்வாறு கலங்கினால், கட்டிப் போடாமலும் பெயர் சூட்டாமலும், அவர் அஞ்சாது உறங்க ஓர் இடம் கொடுங்கள். அவர் பேசும்வரை காத்திருங்கள். மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். நம் மாவட்டத்தார்க்குத் திருவனந்தபுரம் ஊளம்பாறை மனநல மருத்துவமனை 1870 முதல் உள்ளது. 2022இல் நடுவணரசு தொடங்கிய மனநலத் தொலைபேசி உதவி 14416 என்னும் எண்ணில் கிடைக்கின்றது. மலையாளத்திலும் தமிழிலும் பேசலாம், கட்டணமில்லை.