துப்பாக்கி ஓய்ந்திருந்த நாட்கள்

செகந்திராபாதின் வடக்கே, இராணுவப் பகுதியை ஒட்டியுள்ள அல்வாலில், படைத் தேர்வுக்காக அதிகாலையில் ஓடிப் பழகும் ஓர் இளைஞனை எண்ணிக்கொள்வோம். கீழ்முதுகிலும் இடுப்பிலும் வலி கண்டு, ஓட்டத்தைச் சில வாரங்கள் நிறுத்துமாறு மருத்துவர் சொல்லிவிட்டார். வலியைக் காட்டிலும், உடன் ஓடியவர்கள் முந்திச் செல்கிறார்களே என்ற எண்ணமே அவனை மிகுதியாக வாட்டும். பல்லைக் கடித்துக்கொண்டு ஓடிவிடலாமா என்று ஒருநாள் தோன்றும். எல்லாம் முடிந்தது, படுத்துவிடலாம் என்று மறுநாள் தோன்றும்.

இத்தகைய சோதனை துப்பாக்கி சுடும் வீரர் அபினவ் பிந்த்ராவுக்கும் வந்தது. 2006 ஜூலையில் ஸாக்ரெப் நகரில் 10 மீட்டர் ஏர் ரைபிள் பிரிவில் அவர் உலகச் சாம்பியனானார். ஆனால் கடுமையான முதுகுவலி அவரை முடக்கியது. ஏறத்தாழ ஓராண்டு துப்பாக்கியைத் தூக்க இயலவில்லை. அவ்வாண்டு டிசம்பரில் தோஹாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியிலும் அவர் பங்கேற்கவில்லை.

அசையாமல் நிற்பவருக்கு முதுகுவலி எப்படி வரும்? அசையாமல் நிற்பதே காரணமாகலாம். ஐந்தரை கிலோ வரை எடையுள்ள துப்பாக்கியை ஏந்தி, இடுப்பை முன்தள்ளி, முதுகைப் பின்வளைத்து, மணிக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் நின்றால் அந்தச் சுமை முழுவதும் கீழ்முதுகில்தான் இறங்குகிறது.

இடுப்பும் முதுகும் ஒரே குடும்பத்தார். இடுப்பு மூட்டு இறுகிப்போனால் அதன் வேலையையும் முதுகு சுமக்கிறது. முதுகில் பிறந்த நோவு இடுப்பிலோ தொடையிலோ தோன்றுவதும் உண்டு. வலிக்கும் இடமே பிழையின் இடம் என்று முடிவு செய்து, அங்கே தைலம் தேய்த்துக்கொண்டே இருப்பதால் பயன் சிறிதே. முன்பெல்லாம் முதுகுவலிக்கு நீண்ட படுக்கையே மருந்து என்றார்கள். சாதாரண முதுகுவலிக்கு நெடுநாள் படுக்கை தசைகளைத் தளர்த்தி மீட்சியைத் தாமதப்படுத்துகிறது என்பதே இன்றைய மருத்துவத்தின் கருத்து. எனினும் கால் மரத்துப்போதல், சிறுநீர் மலம் அடக்க இயலாமை, காய்ச்சலுடன் கூடிய வலி ஆகியவை தோன்றினால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது.

பிந்த்ரா மீண்டு வந்தார். 2008 ஆகஸ்ட் 11 அன்று பெய்ஜிங்கில், தகுதிச் சுற்றில் நான்காவதாக வந்தவர், இறுதிச் சுற்றின் கடைசிக் குண்டில் 10.8 புள்ளிகள் பெற்றார். மொத்தம் 700.5. ஒலிம்பிக் தனிநபர் போட்டியில் இந்தியாவின் முதல் தங்கம் அது. பதக்கத்தைக் கண்டவர் கோடிப்பேர். துப்பாக்கி ஓய்ந்திருந்த அந்த நாட்களைக் கண்டவர் எத்தனை பேர்?

அல்வால் இளைஞனின் இன்றைய பயிற்சி பார்ப்பதற்கு மிக எளியது: சமதரையில் சிறிது நடை, மருத்துவர் காட்டிய இடுப்புப் பயிற்சிகள், நேரத்துக்கு உறக்கம். பயிற்சியின்போது லேசாக வலித்து, மறுநாள் காலைக்குள் தணிந்துவிட்டால் அவன் அளவைத் தொடரலாம். காலையில் வலி ஏறியிருந்தால் குறைத்துக்கொள்ள வேண்டும். நேற்று நான்கு சுற்று நடந்தவன் இன்று மூன்றோடு நிற்பான். நண்பர்கள் அவனைக் கடந்து ஓடிக்கொண்டிருப்பார்கள்.