மரத்தின் பால் மனிதனின் கால்



நோயினாலோ விபத்தினாலோ ஓர் உறுப்பை இழந்தவருக்கு, அதற்கு ஈடாகச் செய்து பொருத்தப்படுவதே செயற்கை உறுப்பாகும். பொய்க்கால், பொய்ப்பல் என நாம் அவற்றை வழங்குகிறோம். பெயரில்தான் பொய் உண்டு; அவை ஆற்றும் தொண்டோ மெய்யானது.

இக்கலை மிகப் பழமையானது. எகிப்து நாட்டில் ஏறத்தாழ 3,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு பெண்ணின் பாதத்தில், மரத்தாலும் தோலாலும் ஆன பெருவிரல் பொருத்தப்பட்டிருந்ததை ஆராய்ச்சியாளர் கண்டனர். 16ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு மருத்துவர் அம்புருவாஸ் பாரே, விரல்கள் மடங்கும் இரும்புக் கையை வடிவமைத்தார்.

மரமும் இரும்பும் உறுதியானவை. ஆனால் வளைந்து கொடுக்காதவை. மனிதப் பாதமோ அடிக்கு அடி வளைந்து நிமிர்வது. உறுதியும் நெகிழ்வும் ஒருங்கே கொண்ட பொருள் ஒன்று தேவைப்பட்டது. அது நமக்கு அயலானதன்று. இருள் பிரியுமுன் நம் முன்னோர் தலைவிளக்குடன் சென்று வெட்டிய பால் மரத்தின் பாலிலிருந்து கிடைக்கும் ரப்பரே அது.

1839ஆம் ஆண்டில் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர், ரப்பருடன் கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால், அது வெப்பத்தில் இளகாமலும் குளிரில் விறைக்காமலும் இருக்கும் என்று கண்டறிந்தார். கந்தகம் மிகுந்தால் ரப்பர் கட்டைபோல் இறுகிவிடும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பொய்ப்பற்களைத் தாங்கும் ஈறு அத்தகைய ரப்பரால் செய்யப்பட்டது. பின்னர் அவ்விடத்தை அக்ரிலிக் என்னும் பிளாஸ்டிக் பெற்றது.

ரப்பரின் பெருமைக்கு மற்றொரு சான்று, 1968ஆம் ஆண்டளவில் இந்தியாவில் உருவான 'ஜெய்ப்பூர் பாதம்'. அக்காலத்து மேல்நாட்டுப் பொய்க்காலை அணிந்தவர் காலணியின்றி நடப்பதும், சப்பணமிட்டு அமர்வதும், குந்துவதும் அரிதாயிருந்தன. மருத்துவர் பி. கே. சேத்தியும் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் இக்குறையைத் தீர்த்தனர். மென்மையான ரப்பரையும் மரத்துண்டையும் உள்ளே வைத்து, மேலே ரப்பரைப் போர்த்தி, அச்சிலிட்டுச் சூடாக்கிப் பாதம் செய்தனர். அதை அணிந்தவர் வெறுங்காலுடன் ஈர வயலில் இறங்கலாம், மரமும் ஏறலாம். 1981ஆம் ஆண்டில் சேத்திக்கு மக்சேசே விருது கிடைத்தது. மருத்துவரின் கல்வியும் தொழிலாளியின் கைத்திறனும் கூடியதன் பயன் இதுவன்றோ!

உடலுக்குள் வைக்கும் உறுப்புகளுக்கு வேறு பொருள்கள் வேண்டும். அவை துருப்பிடிக்கலாகாது, உடலும் அவற்றை ஏற்கவேண்டும். 1949ஆம் ஆண்டில் இலண்டனில் மருத்துவர் ஹெரால்ட் ரிட்லி, கண்புரை நோயாளிக்கு அக்ரிலிக் வில்லையைக் கண்ணுக்குள் பொருத்தினார். போரில் விமானிகளின் கண்களில் தைத்த அக்ரிலிக் துண்டுகள் தீங்கு செய்யாதிருந்ததைக் கண்டே அப்பொருளைத் தேர்ந்தார். 1960களில் ஜான் சார்ன்லி, எஃகுக் குமிழையும் பாலிஎத்திலீன் கிண்ணத்தையும் கொண்டு இடுப்பு மூட்டு அமைத்தார். இன்று டைட்டேனியம் எலும்புக்குத் துணையாகிறது. கார்பன் இழை ஓட்டப் பந்தயக் காலாகிறது.

எனினும் ஒன்றை நாம் மறக்கலாகாது. எத்துணைச் சிறந்த பொய்க்காலும் முள் குத்தினால் உணராது. இனிப்பு நீர் நோய் முற்றியவரின் சொந்தக் காலும் அவ்வாறே உணர்விழந்து போகக்கூடும். கண்ணில் படாத சிறு புண் சீழ்கொண்டு, இறுதியில் காலையே எடுக்க நேர்கிறது. ஆதலால் பெற்றோர்களே, வேலைக்காட்டில் காலணியின்றி நடவாதீர்! புண் கண்டால் கைமருந்தோடு நில்லாமல் உடனே மருத்துவமனைக்குச் செல்வீர்! வேலையில் விபத்துற்று உறுப்பை இழந்தவர், செயற்கை உறுப்புக்குச் சொக்சோவின் உதவியை நாடலாம் என்பதையும் அறிவீர்!

மாணவர்களே! இனிப்பு நீர் உள்ள தாத்தா பாட்டியின் உள்ளங்கால்களை ஒவ்வொரு மாலையும் பார்த்துச் சொல்லும் பணியை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். அவர்களால் குனிந்து பார்க்க இயலாது. உங்கள் கண்களால் இயலும். கால் இழந்தவரைக் கண்டால் நகையாதீர்கள், பெயரிட்டு அழைக்காதீர்கள். அவர் ஊன்றி நிற்கும் பாதத்தில் நம் தோட்டத்துப் பால் ஒரு துளியேனும் இருக்கக்கூடும் என்று எண்ணுங்கள்.

இருக்கும் உறுப்பைக் காப்போம், இழந்தவரை மதிப்போம்!